செவ்வரளியா, மஞ்சள் அரளியா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, உச்சிப்புளி பக்கம் புதுசா வீடு கட்டியிருக்கிறோம். கடல் கூப்பிடு தூரம், போர் தண்ணீர் உவர்ப்பு. கம்பி வேலி ஓரமாக அரளி வைக்கலாம் என்று நர்சரிக்குப் போனால், “செவ்வரளி, மஞ்சள் அரளி ரெண்டும் ஒண்ணுதான், பூ நிறம்தான் வேற” என்கிறார்கள். என் மாமியாரோ மஞ்சள் அரளி மட்டும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம் என்கிறார். வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கிறான், ஆடுகளும் உண்டு. எதை வைக்கட்டும்?
– வாசகி, உச்சிப்புளி

பதில்: தங்கச்சி, இந்த விஷயத்தில் மாமியார் பேச்சைக் கேளுங்கள். அவர் என்ன காரணம் வைத்திருக்கிறாரோ, முடிவு சரி.

முதலில் நர்சரிக்காரர் சொன்னது. இரண்டும் ஒரே செடி இல்லை, ஒரே குடும்பம், அவ்வளவுதான். எருக்கு, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, கோயில் வாசலில் நிற்கும் ஈழத்தலரி எல்லாம்கூட அந்தக் குடும்பத்தில்தான் வருகின்றன. செவ்வரளியின் தாவரவியல் பெயர் நீரியம் ஒலியாண்டர். வெள்ளை, ரோஸ், அடுக்கு அரளி எல்லாம் இதே இனத்தின் வகைகள்தான், அங்கே வேண்டுமானால் “நிறம்தான் வேற” என்று சொல்லலாம். மஞ்சள் அரளி வேறு இனம், காஸ்கபேலா தெவீசியா. பழைய புத்தகங்களில் தெவீசியா பெருவியானா என்று இருக்கும், குழம்ப வேண்டாம், இரண்டும் அதேதான். 16ஆம் நூற்றாண்டில் பிரேசில் வரை போய்வந்த ஆந்த்ரே தெவே என்ற பிரெஞ்சுத் துறவியின் நினைவாக வைத்த பெயர் அது. செடியின் சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம், அதாவது கப்பலேறி வந்த விருந்தாளி. செவ்வரளியோ மத்தியதரைக் கடல் ஓரத்தில் தொடங்கி நம் பக்கம் வரைக்கும் பழங்காலந்தொட்டே இருப்பது, திருவாரூர் அருகே திருக்கரவீரம் கோயிலில் தலமரமே அலரிதான்.

பூ இல்லாத நேரத்திலும் இரண்டையும் பிரித்துவிடலாம். செவ்வரளியில் ஒரு கணுவைச் சுற்றிப் பெரும்பாலும் மூன்று மூன்று இலையாக இருக்கும், இலை தடிப்பு, கரும்பச்சை, நடு நரம்பு வெளிறித் துருத்திக்கொண்டு தெரியும். மஞ்சள் அரளியில் இலை ஒவ்வொன்றாகத் தண்டைச் சுற்றி ஏறிக்கொண்டே போகும், ஒடுக்கமாக, பளபளவென்று, வெளிர்பச்சையில். ஒரு இலையைக் கிள்ளினால் மஞ்சள் அரளியில் வெள்ளைப் பால் சொட்டும், செவ்வரளியில் அப்படிக் கொட்டாது, பிசுபிசுப்பான சாறுதான் வரும் (கிள்ளினால் கையைக் கழுவுங்கள், அந்தக் கையோடு கண்ணைத் தேய்க்காதீர்கள்). பூவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், செவ்வரளி கொத்தாக விரிந்து பூக்கும், தொண்டையில் நார்நாராக ஒரு குஞ்சம் இருக்கும். மஞ்சள் அரளிப் பூ புனல் வடிவம், முழுசாக விரியாமல் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொண்டு நிற்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான வித்தியாசம் காயில் இருக்கிறது, உங்கள் வீட்டுக்கு எது என்பதையும் காய்தான் முடிவு செய்கிறது. செவ்வரளிக்கு விரல் நீளத்துக்கு ஒல்லியான நெற்று, ஜோடியாக, காய்ந்ததும் ஒரு பக்கம் வெடித்து, மயிர் ஒட்டிய விதைகள் காற்றில் பறந்துவிடும். அதில் கையில் எடுத்து விளையாட ஒன்றும் இல்லை. அடுக்கு அரளி பெரும்பாலும் காய்ப்பதே கிடையாது. மஞ்சள் அரளிக்கு உருண்டையும் இல்லாமல் கோணலும் இல்லாமல் பச்சையாக ஒரு சதைக்காய், பழுத்தால் கறுத்து கீழே விழும், உள்ளே கெட்டியான கொட்டை. மேற்கிந்தியத் தீவுகளில் அதை அதிர்ஷ்டக் கொட்டை என்று பையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. பிள்ளைகள் எங்கே இருந்தாலும் பிள்ளைகள்தான், தரையில் உருண்டு கிடக்கும் கொட்டையைப் பொறுக்காமல் இருப்பார்களா? அந்தச் செடியில் விஷம் அதிகமாகச் சேர்ந்திருப்பதும் அந்தக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பில்தான்.

அதற்காகச் செவ்வரளி சாது என்று நினைத்துவிடாதீர்கள். இலை, பூ, பட்டை, வேர், சாறு என்று இரண்டிலும் எல்லாப் பாகமும் விஷம். செவ்வரளியில் ஒலியாண்டரின், மஞ்சள் அரளியில் தெவடின், பெருவோசைடு என்று பெயர்கள்தான் மாறும், எல்லாமே இதயத்தைப் பிடிக்கிற ரகம். இதய நோய்க்கு டாக்டர்கள் மிக மிகக் குறைந்த அளவில் கணக்குப் பார்த்துத் தரும் டிஜாக்சின் மாத்திரைக்கு இவை நெருங்கிய உறவு. இதயச் செல்லில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றி மாற்றி ஏற்றி இறக்கும் ஒரு பம்பு இருக்கிறது, அதை இந்தச் சரக்கு அடைத்துவிடும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், நாடி தாறுமாறாகும், மெதுவாகும். முதலில் தெரிவது வாந்தியும் வயிற்றுவலியும் கிறுகிறுப்பும்தான் என்பதால் “என்னமோ தின்றது ஒத்துக்கொள்ளவில்லை” என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பார்கள், அதுதான் ஆபத்து. பிள்ளை எதையாவது கடித்த சந்தேகம் வந்தாலே 108க்கு அடித்துவிடுங்கள். வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்து எடுங்கள், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வேலையெல்லாம் வேண்டாம், கடித்த இலையையோ காயையோ ஒரு கவரில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். ஈசிஜி பார்த்துக் கண்காணிக்க வசதியுள்ள மருத்துவமனையாக இருக்க வேண்டும், மருந்துக்கடையில் கேட்டுச் சமாளிக்கிற சமாச்சாரம் இல்லை.

சரி, உப்புக் காற்று விஷயத்துக்கு வருவோம். மண்டபம், உச்சிப்புளி பக்கம் இரண்டு பக்கமும் கடல், ஆனி ஆடியில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், ஐப்பசி கார்த்திகையில் வடக்கே பாக் நீரிணை. வருஷம் முழுக்க ஏதோ ஒரு பக்கத்திலிருந்து உப்பு வந்துகொண்டேதான் இருக்கும். இதைத் தாங்குவதில் செவ்வரளி கில்லாடி. அதன் இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தால் அடிப்பக்கம் நுண்ணிய குழிகள் தெரியும், இலை மூச்சுவிடும் துளைகள் அந்தக் குழிகளுக்குள்ளே மயிர்கள் மூடிய நிலையில் ஒளிந்திருக்கின்றன. காய்ந்த காற்று நேரடியாக அவற்றின்மேல் படாததால் தண்ணீர் இழப்பு குறைவு. மேலே மெழுகுப் படலம் வேறு. நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் வரிசையாக இதையே வைப்பது சும்மா இல்லை. தண்ணீர் கேட்காது, ஆடுமாடு மேயாது, எதிர்வண்டி வெளிச்சத்தை மறைக்கும். அமெரிக்காவில் டெக்சாஸ் கடலோரத்தில் கால்வெஸ்டன் என்று ஒரு தீவு நகரம் இருக்கிறது, 1841லேயே அங்கே அரளி போய்விட்டது. 1900 புயலில் ஊரே அழிந்து பல்லாயிரம் பேர் செத்த பிறகு, கடல் மணலைக் கொட்டித் தரையை உயர்த்தினார்கள், அந்த உப்பு மணலில் திரும்ப ஊன்றிப் பிழைத்த செடிகளில் முக்கியமானது அரளி. இன்றைக்கும் அது அரளி நகரம் என்றுதான் அறியப்படுகிறது. நம் தனுஷ்கோடியை நினைத்துக்கொண்டு படிக்க வேண்டிய கதை. மஞ்சள் அரளியும் வறட்சி தாங்கும், மணலில் வரும், ஆனால் உப்புச் சாரல் நேராக அடிக்கிற முகப்பில் செவ்வரளி அளவுக்குத் தாக்குப்பிடிக்காது, இலை நுனி கருகும். அப்புறம், விட்டால் குட்டி மரமாகிவிடும், வேலிக்கு அடிப்பகுதி காலியாகத் தெரியும். செவ்வரளி அடியிலிருந்தே பல கிளையாக வெடித்துப் புதராக நிற்கும்.

ஆகவே: கடல் பார்த்த வேலிக்குச் செவ்வரளி, முடிந்தால் அடுக்கு ரகம், வேலிக்கு வெளிப்பக்கமாக. மஞ்சள் அரளி உங்கள் வீட்டுக்கு வேண்டாம். பையன் விளையாடும் முற்றத்துப் பக்கம் எந்த அரளியும் வேண்டாம், அங்கே நொச்சி வையுங்கள், ஆடும் தொடாது.

ஆடு என்றதும் இன்னொன்று. “ஆடுதான் அரளியைத் தின்னாதே” என்று எல்லோரும் தைரியமாக இருப்பார்கள். பச்சை இலை கசப்பு, தின்னாது, உண்மை. வெட்டிப் போட்டு வாடிய தழையில் கசப்பு குறையும், விஷம் குறையாது. கவாத்து செய்த தழையை வேலியோரம் அப்படியே போட்டுவிட்டுப் போனால், கோடையில் மேய்ச்சல் இல்லாத ஆடு வாய் வைக்கும், அகத்தி, வேப்பந்தழை கட்டோடு கலந்துவிட்டால் அதற்குப் பிரிக்கத் தெரியாது. வெட்டியதைக் குழி தோண்டிப் புதையுங்கள். எரிக்காதீர்கள், புகையும் ஆகாது. அடுப்புக்கும் வேண்டாம். கடற்கரையில் பிள்ளைகள் மீன் சுடும்போது கையில் கிடைத்த குச்சியில் குத்திச் சுடுவார்கள், அதில் அரளிக் குச்சி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுகிற நேரம் ஐப்பசி மழைக்கு முன்னால். பென்சில் தடிப்பில், முக்கால் சாண் அளவுக்கு முற்றிய குச்சி, கீழ்ப்பக்கம் இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும். மூன்றடிக்கு ஒன்று போதும். மழை முடிவதற்குள் வேர் பிடித்துவிடும், முதல் கோடைக்கு மட்டும் கொஞ்சம் நல்ல தண்ணீர் காட்டுங்கள், அதற்குப் பிறகு உவர் தண்ணீரே போதும். புதுக்கிளை நுனியில்தான் பூ வரும் என்பதால் ஒரு பூப்பு முடிந்ததும் நுனியை வெட்டிவிட்டால் கிளை பெருகும், பூவும் பெருகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது உங்களுக்கு மட்டும் இல்லை. நம் மாவட்டத்தில் இன்னும் பல ஊர் ஊரணித் தண்ணீரைக் குடிக்கிறது. அழகுக்காக ஊரணிக் கரையில் அரளி வைக்கும் யோசனை எந்த ஊர்க் கூட்டத்தில் வந்தாலும் எழுந்து நின்று மறுத்துப் பேசுங்கள், இலையும் பூவும் உதிர்ந்து தண்ணீரில் ஊறும். கரைக்குப் பூவரசு இருக்கிறது, புன்னை இருக்கிறது.

கேள்வி: கேரளாவில் கோயில்களில் அரளிப் பூவைத் தடை செய்துவிட்டார்களாமே? நாங்கள் தினமும் அம்மனுக்குச் செவ்வரளி மாலைதான் சாத்துகிறோம். நிறுத்த வேண்டுமா?
– வாசகர், திருப்புல்லாணி

பதில்: முழுத் தடை இல்லை. 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைப் பயன்படுத்த வேண்டாம் என்று முடிவு செய்தன, அதற்குப் பதிலாகத் துளசி, வெட்சி மாதிரியானவை. பூஜைக்குப் பூவாக வைப்பதை அவர்கள் விலக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் சரியான கோடுதான் அது. மாலையாகச் சாத்துங்கள், அர்ச்சனை செய்யுங்கள், தொடுவதால் ஒன்றும் ஆகாது. வாய்க்குப் போகிற எதிலும் படக்கூடாது, தீர்த்தச் செம்பில் ஒரு பூ மிதக்க விடுவது, பொங்கல் பாத்திரத்தின் மேல் சுற்றிக் கட்டுவது, பழத்தட்டில் உதிரிப் பூ தூவுவது, இதையெல்லாம் நிறுத்துங்கள். குழந்தைக்குப் பிரசாதமாக அரளிப் பூவைக் கையில் கொடுக்கும் பழக்கமும் பல கோயில்களில் பார்க்கிறேன். அது நேரே வாய்க்குத்தான் போகும், துளசி கொடுக்கலாமே.

கேள்வி: துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த பொட்டலத்தில் லாரல் இலை என்று போட்டிருக்கிறது, பிரியாணிக்குப் போடுவதாம். பார்த்தால் எங்கள் கொல்லைப்புற அரளி இலை மாதிரியே இருக்கிறது, போடவே பயமாக இருக்கிறது.
– வாசகி, கீழக்கரை

பதில்: பயப்படாமல் போடுங்கள், தம் பிரியாணி கீழக்கரையில் வீணாகலாமா. அது லாரஸ் நொபிலிஸ் என்ற மரத்தின் இலை, இலவங்கப்பட்டை, வெண்ணெய்ப்பழம் சேர்ந்த குடும்பம், அரளிக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நம் கடைகளில் பிரிஞ்சி இலை என்று விற்பது அதற்கும் பங்காளி, இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்தது. பிரிஞ்சி இலையில் காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்பு நீளவாக்கில் ஓடும், சந்தேகமே வராது. நீங்கள் வாங்கிய லாரலில் ஒரே நடு நரம்புதான், அதனால்தான் குழப்பம். அரளியில் நடு நரம்பிலிருந்து இரண்டு பக்கமும் மெல்லிய நரம்புகள் நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாகக் கோடு போட்ட மாதிரி ஓரம்வரை போகும், லாரலில் பக்க நரம்புகள் குறைவு, இடைவெளி அதிகம், வளைந்து போகும். கசக்கினால் லாரல் மணக்கும், அரளிக்கு மசாலா வாசனையே கிடையாது. நாக்கில் வைத்துச் சோதிக்கும் யோசனை மட்டும் வேண்டாம். கடையில் முத்திரையோடு வருவதை நம்பலாம். யாரோ தோட்டத்தில் பறித்துக் காயவைத்ததாகச் சொல்லி உதிரியாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: ஐயா, மகள் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறாள். மலை லாரல், ஆட்டு லாரல் என்று இரண்டு பூச்செடிகளின் படம் அனுப்பியிருந்தாள். இரண்டாவதன் இலை அசல் அரளி போலவே மூன்று மூன்றாக இருக்கிறது. அரளிக்குச் சொந்தமா? விதை கொண்டுவந்தால் ராமநாதபுரத்தில் வருமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ராமநாதபுரம்

பதில்: நல்ல கண் ஐயா உங்களுக்கு. ஆனால் சொந்தம் இல்லை, உண்மையான லாரலுக்கும் சொந்தம் இல்லை. இரண்டும் கால்மியா என்ற பேரினம். செடிகளுக்குத் தாவரவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர் பெர் கால்ம் 1748 முதல் 1751 வரை வட அமெரிக்காவில் சுற்றிச் செடி சேகரித்தவர், அவர் பெயரைத்தான் குரு வைத்தார். குடும்பம் என்று பார்த்தால் நீலகிரி உச்சியில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு, அதாவது ரோடோடென்ட்ரான், அதோடு சேரும்.

மகள் அனுப்பிய இரண்டையும் பிரிக்க, பூக்கொத்து எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மலை லாரலில் (கால்மியா லாட்டிஃபோலியா) கொத்து கிளையின் நுனியில் இருக்கும். ஆட்டு லாரலில் (கால்மியா அங்குஸ்டிஃபோலியா) நுனியில் புது இலைத் தளிர் நீட்டிக்கொண்டிருக்கும், பூக்கொத்து அதற்குக் கீழே தண்டைச் சுற்றி இருக்கும். இலை நீங்கள் கவனித்தபடி ஆட்டு லாரலில் பெரும்பாலும் மும்மூன்று, மலை லாரலில் மாறி மாறி ஒவ்வொன்று. மலை லாரல் ஆள் உயரம் தாண்டும், ஆட்டு லாரல் இடுப்பளவுதான். பூ முன்னதில் வெள்ளையிலிருந்து இளஞ்சிவப்பு, பெரிசு. பின்னதில் அடர்சிவப்புச் சாயல், சின்னது. கனெக்டிகட்காரர்கள் 1907லேயே மலை லாரலை மாநிலப் பூவாக்கிவிட்டார்கள், பென்சில்வேனியாவும் 1933ல் அதையே எடுத்துக்கொண்டது.

இரண்டிலும் ஒரு வேடிக்கை உண்டு, மகளை அருகில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பூக்கிண்ணத்தின் உட்புறம் பத்துக் குட்டிப் பைகள், பத்து மகரந்தத் தாள்களும் வில் போல வளைந்து தலையை அந்தப் பைகளில் சொருகி வைத்திருக்கும். தேனீ வந்து உட்கார்ந்து உரசியதும் படக்கென்று நிமிர்ந்து மகரந்தத்தை அதன்மேல் வீசும். ஒரு குச்சியால் தொட்டாலும் நடக்கும்.

விஷமும் உண்டு, அரளி ரகம் இல்லை, கிரயனோடாக்சின் என்ற வேறு வகை. ஆடு செத்துத்தான் அந்த இரண்டாவது செடிக்கு அந்தப் பெயரே வந்தது. விதை கொண்டுவந்து முயல வேண்டாம் என்பேன். அதற்குக் குளிர்காலமும் அமிலத்தன்மையுள்ள மண்ணும் வேண்டும், நம் கரையோர மண்ணோ சிப்பியும் பவளச் சுண்ணாம்பும் கலந்தது. வெளிநாட்டு விதையை அனுமதி இல்லாமல் கொண்டுவருவதும் சட்டப்படி தவறு. படமே போதும்.

கேள்வி: செவ்வரளியில் பச்சையாகப் பெரிய புழு, தலைப்பக்கம் இரண்டு நீலக் கண். செடியில் பாதியைக் காணோம். எங்கள் வீட்டில் யாரும் பக்கத்தில் போக மாட்டேன் என்கிறார்கள், கடிக்குமா? விஷச் செடியைத் தின்றும் எப்படிச் சாகாமல் இருக்கிறது?
– வாசகர், தொண்டி

பதில்: கடிக்காது. அரளி அந்துப்பூச்சியின் புழு அது, டாஃப்னிஸ் நீரை. அந்தக் கண் நிஜக் கண் இல்லை, தோலில் உள்ள வட்டம்தான், மிரண்டால் முன்பக்கத்தை உப்பவைத்துக் காட்டும், பறவைகளை மிரட்டும் ஏமாற்று. பின்பக்கக் கொம்பும் கொட்டாது. நந்தியாவட்டை இருந்தால் அதையும் ஒரு பார்வை பாருங்கள், அதிலும் இருக்கும். விஷச் செடியைத் தின்று வாழும் பூச்சிகளில், அந்த விஷம் போய்ப் பிடிக்கும் இடமே கொஞ்சம் மாறி அமைந்திருப்பது உண்டு, அல்லது குடலிலேயே அதைச் செயலிழக்கச் செய்துவிடும். தின்பதை நிறுத்தியதும் உடம்பு பழுப்பாக மாறும், பிறகு கீழே இறங்கிச் சருகுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். வளர்ந்த செவ்வரளி இரண்டு மழையில் திரும்பத் தழைத்துவிடும் என்பதால் மருந்தடிக்கத் தேவையில்லை, சின்னக் கன்று என்றால் மட்டும் ஒரு குச்சியால் எடுத்துப் பெரிய செடியில் விடுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் குருத்தில் மஞ்சளாக மொய்த்திருப்பது வேறு, அது அசுவினி, கறுப்புக் கால் தெரிகிறது பாருங்கள். அதற்குக் காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும், மிச்சத்துக்குச் சோப்புக் கரைசல், இரண்டு நாள் விட்டு இன்னொரு தரம். உரத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், யூரியா போட்ட இளங்குருத்தில்தான் அது அதிகம் ஏறும்.